காளவாசல் சாம்பல்

முத்துச்செல்வி ஒன்றரை வருடமாக ஒரு நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கடலின் நிறம் என்று சொன்னால் எல்லோரும் நீலம் என்று நினைத்துக்கொள்வார்கள். நீலம் அவளிடம் மூன்று டப்பா இருந்தது. அலை வந்து மணலில் ஏறி, திரும்புவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பதுபோல் நிற்குமே, அப்போது அந்த மெல்லிய தண்ணீருக்கு ஒரு நிறம் வரும். பாலில் விழுந்த ஒரு சொட்டு நீலம் கலைவதற்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருக்கும். அதைத்தான் தேடினாள். அதுவும் கடலுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே, இலஞ்சியில்.

வீட்டுக்குப் பின்னால் தகரக்கொட்டகை. அதில் ஒரு சக்கரம், ஒரு கேஸ் சூளை, சுவரோரமாக மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகள். ஒவ்வொரு வாளியின் மேலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். உமி, தென்னை மட்டை, கொட்டாங்கச்சி, புளி, வேலிக்கருவை. எல்லாம் சாம்பல். சாம்பலையும் பாறைப்பொடியையும் களிமண்ணையும் தண்ணீரில் குழப்பித் தட்டின்மேல் பூசி, ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுட்டால் அது உருகிக் கண்ணாடியாகப் படியும். கிளேஸ் என்பார்கள். எந்த மரத்தின் சாம்பல் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். புளி தேன்போல வந்தது. உமி வெளுத்துப் போய் நின்றது. வேலிக்கருவை பாசி பிடித்த குளமாக வந்தது.

ஒவ்வொன்றையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன் அவள் புருஷன் மணிமுத்து. தூத்துக்குடித் துறைமுகத்தில் பாதுகாப்புப் படையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவான். எட்டு வருடமாக அப்படித்தான். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குத்தான் வருவான்.

"இது என்னட்டி, குத்தாலத்துல எண்ண தேச்சுக் குளிச்ச தண்ணி மாதிரி இருக்கு?"

"கண்ணு சரியில்லன்னா டாக்டர்ட்ட காட்டுங்க அத்தான்."

"நான் ஆறு நாளும் கடலத்தாம்ட்டி பாத்துக்கிட்டு நிக்கேன். எனக்குக் கண்ணு சரியில்லையாம்லா!"

கேலிதான் செய்வான். ஆனால் வெறுங்கையோடு வந்ததில்லை. கிழிந்த மீன்வலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ஈரத் தட்டின்மேல் அதை அழுத்தி எடுத்தாள். கண்ணி கண்ணியாகத் தடம் விழுந்தது. பூச்சு அந்தத் தடத்தில் தேங்கிக் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது. மணலில் காற்று போடும் வரிகளைப் படம் எடுத்து அனுப்பினான். அவள் தென்னை ஈர்க்கை வரிசையாகக் கட்டிச் சீப்புபோல் இழுத்து அந்த வரிகளைக் களிமண்ணில் கொண்டுவந்தாள். அரிசி மணிகளைப் பதித்துச் சுட்டாள். அரிசி எரிந்துபோய், நண்டு பொத்தல் போட்ட கரைபோலக் குழிகள் நின்றன. கடற்கரையின் தோல் வந்துவிட்டது. நிறம்தான் வரவில்லை. ஆவணியில் கொச்சியில் ஒரு கண்காட்சி. அதை நடத்தும் சஹானா என்ற பெண் பன்னிரண்டு தட்டு கேட்டிருந்தாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மணிமுத்து பஸ்ஸிலிருந்து தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு இறங்கினான். கடற்கரைப் பக்கம் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாசல் ஒன்றிலிருந்து கேட்டு வாங்கிவந்த சாம்பல்.

"சிப்பித் துண்டு நெறைய கெடக்கு பாரு. கடலயே சுட்டுக் கட்டித் தூக்கியாந்திருக்கேன். இதுலயும் வரலன்னா நீ செங்கல் சுடப் போயிரு."

மறுநாள் அவன் கிளம்பும் நேரத்தில் அவள் ஒரு புது வாளியைக் கழுவித் துடைத்து, 'காளவாசல்' என்று எழுதினாள்.

"நான் கொட்டி வைக்கேன். நீ போயி எனக்கு ராத்திரிக்கு ரெண்டு தோசையக் கட்டு" என்றான்.

அவள் போய்த் தோசை கட்டினாள். அவன் பஸ் ஏறினான். வியாழக்கிழமை, இரவுக் காவல் முடிந்து தூத்துக்குடி அறைக்கு வந்து படுத்தவன், மத்தியானம் கூட இருந்தவர்கள் சாப்பாட்டுக்கு எழுப்பியபோது எழவில்லை. முப்பத்தெட்டு வயது. குழந்தை குட்டி இல்லை.

சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டில் எரித்தார்கள். மணிமுத்துவின் தம்பி குற்றாலீஸ்வரன் ராணுவத்தில் இருந்தான். அருணாசலப் பிரதேசத்தில் மலை சரிந்து பாதை அடைபட்டு, இறங்க முடியவில்லை. போனில் அழுதான். "மூஞ்சியத்தான் பாக்கக் குடுத்து வைக்கல. நான் வராம எங்கண்ணன் சாம்பலக் கரைச்சிராதிய" என்றான். அந்தக் குடும்பத்தில் யார் இறந்தாலும் சாம்பலைத் திருச்செந்தூர்க் கடலில்தான் கரைப்பார்கள். மணிமுத்துவின் அப்பா சிவனணைந்தபெருமாள் சரி என்றார். எலும்பும் சாம்பலுமாகச் சேகரித்ததை மண் கலயத்தில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, கொல்லையில் வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிட்டார்கள். அதை வீட்டுக்குள் வைக்கக்கூடாது.

முத்துச்செல்வி முதல் வாரம் அந்தக் கலயத்தைப் பார்த்தாள். காற்றில் அது லேசாகத் திரும்பித் திரும்பி நின்றது. அதன்பிறகு பார்க்கவில்லை. கொட்டகைக்கு வேப்பமரத்தடி வழியாகப் போவதே நேர்வழி. அவள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போனாள். தலையைக் குனிந்துகொண்டே போனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு வீட்டில் இரண்டே பேர். மாமனார் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனில் குரல் உயர்த்தியே பழகிய மனிதர் இப்போது டிவியைக்கூடச் சத்தமில்லாமல் பார்த்தார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள். மணிமுத்துவின் பெயர் வந்துவிடுமோ என்று இருவருக்குமே பயம்.

"எம்மா, நீ கொட்டகைக்குப் போயேன்" என்று ஒருநாள் அவர்தான் சொன்னார். "சும்மா உக்காந்திருந்தா கிறுக்குப் பிடிச்சிரும்."

"ஊருல பேசுவாவ மாமா."

"பேசட்டும். சோறு போடவா வருதாவ?"

பேசத்தான் செய்தார்கள். அடுத்த வீட்டு வடிவம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் காது கேட்கவே சொன்னாள்: "புருசன் போயி முப்பது நாளு ஆவல, அதுக்குள்ள மண்ணப் பெசைய உக்காந்துட்டா. காலம் கெட்டுக் கெடக்கு."

மாமனார் வாசலிலிருந்து, "ஆமா மைனி, ஒங்க வீட்டுக்கும் ரெண்டு சட்டி செய்யச் சொல்லுதேன், மூடி போட்டு வைக்க ஒதவும்" என்றார். வடிவம்மாளின் தலை உள்ளே போய்விட்டது. அன்றைக்கு முத்துச்செல்விக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு பயமாக இருந்தது.

சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள் பகலெல்லாம் ஹார்ன் அடித்தன. மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கித் துணியையும் தட்டையும் எதையும் காயவிடவில்லை. அப்படி ஒரு காலையில், ஒவ்வொரு வாளியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள் 'காளவாசல்' வாளியைத் திறந்தாள். பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை சாம்பல் இருந்தது. சாம்பலுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள்.

தோசை கட்டிக்கொண்டிருந்தபோது அவன் கொட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சொன்னபடியே செய்திருக்கிறான். அவன் தனக்குச் செய்துகொடுத்த கடைசி வேலை இதுதான் என்று நினைத்ததும் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி இரும்பு உரலில் போட்டு இடித்தாள். சுட்ட சிப்பியில் தண்ணீர் பட்டால் சூடாகிப் பொங்கும். தண்ணீர் தெளித்தும் இவை சும்மா இருந்தன. ஈரக்காற்றில் வீரியம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். உலக்கை போடப் போட, வாய் தன்னால் ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தது. அவன் போன பிறகு அவள் வாயில் பாட்டு வந்தது அன்றைக்குத்தான். இடித்ததை மெல்லிய சல்லடையில் சலித்தாள். ஒரு பிடி எடுத்துக் கலந்து, ஒரே ஒரு கிண்ணத்தில் பூசி, சூளையில் வைத்தாள்.

ஒரு பகல் எரிந்தது. இரண்டு நாள் ஆறியது. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தாள்.

அலை மணலில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

கிண்ணத்தின் அடியில் பால் கலந்த நீலம் தேங்கி, மேலே வரவர மெலிந்து, விளிம்பில் நுரைக்கோடுபோல வெள்ளையாக நின்றது. வலைத்தடத்தின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இருப்பதுபோல் தெரிந்தது. அவள் கிண்ணத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். பிணம் வந்தபோதும், சுடுகாட்டுக்குத் தூக்கியபோதும் வராத அழுகை, அடக்க அடக்க வந்தது. 'கொண்டாந்து குடுத்துட்டியளே அத்தான்' என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

சத்தம் கேட்டு மாமனார் வந்தார். கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் உட்பக்கத்தைத் தடவினார்.

"நம்ம பய பாத்திருந்தா..." என்று தொடங்கினார். முடிக்காமல் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவன் போன பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சு வந்தது அப்போதுதான்.

அதன்பிறகு அவள் நிற்கவில்லை. மிச்சச் சாம்பல் முழுவதையும் இடித்து, சலித்து, கலந்தாள். பன்னிரண்டு தட்டுக்கும் பூசினாள். சிக்கனக்காரி, வாளியைக் கழுவிய தண்ணீரைக்கூடத் தெளியவைத்து, அடியில் தங்கியதை வழித்துப் பன்னிரண்டாம் தட்டின் பின்பக்கத்துக்குப் போட்டாள். எல்லாம் நன்றாக வந்தன. ஒன்றுகூட விரியவில்லை. படம் எடுத்து அனுப்பியதும் சஹானா கூப்பிட்டாள். "அக்கா, எனக்குப் பேச்சே வரலக்கா. இது எப்படிப் பண்ணீங்க? யாருக்கும் சொல்லிடாதீங்க, சரியா?" முத்துச்செல்வி நோட்டில் எழுதி வைத்தாள்: காளவாசல் சாம்பல், அத்தான் கொண்டுவந்தது. முதலில் வந்த அந்தக் கிண்ணத்தில் தினமும் காலையில் காப்பி குடித்தாள். காப்பி தீர்ந்ததும் அடியில் கடல் தெரியும்.

ஆனி கடைசியில் குற்றாலீஸ்வரன் போன் செய்தான். லீவு கிடைத்துவிட்டது. மூன்று நாளில் வீட்டில் இருப்பான்.

மாமனார் அன்று மத்தியானம் கொட்டகைக்கு வந்தார். கையில் ஒரு புது மண் கலயமும் வெள்ளைத் துணியும் இருந்தன. வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றின் முன்னால் நின்றார்.

"எம்மா, இந்த வாளில இருந்தது எங்க?"

"அதா மாமா?" அவள் அலமாரியைக் காட்டினாள். பன்னிரண்டு தட்டும் வரிசையாக நின்றன. "அதத்தான பூசியிருக்கு. ஒரு பொட்டுகூட மிச்சமில்ல."

அவர் அலமாரியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். கலயத்தைக் கீழே வைக்கப் போனவர் தானும் அதோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாமா? நெஞ்சு வலிக்கா?"

"அது மணிமுத்துல்லா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சாரல் விடாமல் பெய்ததில் வேப்பமரத்துக் கலயம் ஊறிப்போய் வாய் விரிந்துவிட்டது. குரங்குகள் வேறு இரண்டு முறை துணியைப் பிடித்து இழுத்தன. கீழே விழுந்து சிதறிவிடக் கூடாது என்று அவர்தான் எடுத்துவந்து, இருந்ததிலேயே புதிதாக, காலியாக, இறுக்கமான மூடியோடு கிடந்த வாளியில் மாற்றி வைத்தார். பழைய கலயத்தை ஆற்றில் விட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மாமா?"

"சொன்னா நீ இங்கன உக்காந்து வேல பாப்பியா? அந்த மரத்துப் பக்கமே திரும்பாமத்தான நடந்த? அவனும் ஒம் பக்கத்துல கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவட்டுமேன்னு நெனச்சேன். மாவும் சுண்ணாம்புமா எத்தனயோ வாளி வச்சிருக்க, எது எதுக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"

"இல்ல மாமா. அத்தான் கொட்டி வச்சது அது. காளவாசல் சாம்பல். நான் பேரு எழுதிக் குடுத்தேன், அவிய கொட்டி வச்சாவ..."

சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கொட்டகையின் பரணில், மழை படாத மூலையில், அந்தச் சாக்கு மூட்டை இருந்தது. வாய் கட்டியது கட்டியபடி இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பிறகு கொட்டிக்கொள்ளலாம் என்று தூக்கி மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் போடும் இரட்டை முடிச்சு அது.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பொங்காத சிப்பி. எலும்புச் சாம்பல் சேர்த்தால் பூச்சில் பால் நீலம் வரும் என்று புதுச்சேரியில் மட்பாண்டக் கலை படித்தபோது வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். கடைகளில் மாட்டெலும்புப் பொடி விற்பார்கள் என்றும் சொன்னார்கள்; மாட்டெலும்பு என்றதும் அவள் அதை அப்போதே ஒதுக்கிவிட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நிறம் வேறெதிலும் வராது என்று அவளுக்கு மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டும். பாட்டுப் பாடிக்கொண்டே இடித்திருக்கிறாள். காப்பி குடித்திருக்கிறாள். கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அன்று சாயங்காலம் இருவரும் அடுப்பு மூட்டவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த மாமனார், விசாரணை முடிந்து முடிவெடுத்தவர்போலச் சொன்னார்: "சின்னவனுக்குத் தெரிய வேண்டாம். கொட்டாங்கச்சிச் சாம்பல் கெடக்குலா? அதக் கலயத்துல போட்டுக் கட்டிக் குடுத்திருவோம். அவன் கரைச்சுட்டு நிம்மதியாப் போவட்டும். மூணு நாளு லாரிலயும் ரயில்லயும் வரான் பாவி."

"அப்ப அத்தான்?"

கரைத்தால்தான் போகும் என்பது அவள் அறிந்ததுதான். சாம்பல் தண்ணீரில் கலந்து இல்லாமல் போனால்தான் உயிருக்கு விடுதலை. அவள் செய்ததோ கண்ணாடி. மண்ணில் புதைத்தாலும் தண்ணீரில் போட்டாலும் ஆயிரம் வருடத்துக்கு அப்படியே கிடக்கும். கரையவே முடியாதபடி அவனைச் சுட்டு வைத்துவிட்டாள்.

குற்றாலீஸ்வரன் வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். முதுகில் பெரிய பை, முகமெல்லாம் வெயில் கருப்பு. அண்ணன் சாயல் அவ்வளவாகக் கிடையாது. நடை மட்டும் அதே நடை. "மைனி" என்று ஒரு வார்த்தை சொன்னான். கொல்லையில் வேப்பமரத்தைக் கண்களால் தேடினான். சாரலுக்கு ஒதுங்கலாக, கொட்டகை இறவாரத்தில் ஒரு செங்கல்மேல் மாமனார் கலயத்தை வைத்திருந்தார். வெள்ளைத் துணி சுருக்கமில்லாமல் கட்டியிருந்தது.

அவன் பையை இறக்கிவிட்டு அதன்முன் மண்டியிட்டான். இரண்டு கையாலும் கலயத்தை அணைத்து, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டான்.

"வந்துட்டேன் அண்ணா. லேட்டாயிட்டு. மலை சரிஞ்சு போச்சுண்ணா. நடந்துகூட வந்திருப்பேன், விட மாட்டேன்னுட்டானுவ..." என்று கலயத்திடம் சொல்லிச் சொல்லி அழுதான். மன்னிப்புக் கேட்டான். சின்ன வயதில் அண்ணனின் சைக்கிளைக் கிணற்றில் தள்ளியது தான்தான் என்றும் சொன்னான்.

மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முத்துச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். முடியவில்லை.

"தம்பி" என்றாள். "அது அவிய இல்ல."

"மைனி?"

"அது கொட்டாங்கச்சிச் சாம்பல். எந்திரிங்க தம்பி."

அவள் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, உரலையும் சொன்னாள், காப்பியையும் சொன்னாள். அவன் முதலில் அப்பாவிடம் பாய்ந்தான். "ஏட்டு வேலைல இப்படித்தான் கேஸ மாத்திக் குடுப்பியளோ? கொட்டாங்கச்சிச் சாம்பலக் குடுத்து என்னையக் கும்பிட வச்சுட்டியளே!" என்று கத்தினான். வேலிக்கு மேலே வடிவம்மாளின் தலை தெரிந்தது. நிலைமையைப் பார்த்துத் தானாகவே இறங்கிவிட்டது. கத்தி முடித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்கன இருக்கான்?" என்று கேட்டான்.

கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். அவன் அலமாரியின் முன்னால் போய் நின்றான். ஒரு தட்டை எடுத்தான். வலைத்தடத்தின்மேல் விரலை ஓட்டினான். வெளியே சாரல் விட்டு ஒரு கீற்று வெயில் உள்ளே விழ, தட்டு அப்படியே தண்ணீராக மாறியது.

"அழகா இருக்கு மைனி" என்றான். பிறகு தட்டை மார்போடு சாய்த்துக்கொண்டு கேட்டான்: "இதுல ஒண்ண நான் கொண்டு போவட்டா? பெட்டில துணிக்குள்ள வச்சுக்கிடுவேன். யாருக்கும் தெரியாது. நான் அவன் மூஞ்சியே பாக்கலயே."

"வேண்டாம்லே" என்றார் மாமனார். "ஒரு துண்டு நின்னாலும் அவன் போவ மாட்டான்."

"எங்க போவணும் அவன்? இங்கன இருந்தா ஒங்களுக்கு என்ன?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மட்டும் என்ன, அதைக் கேட்காதவளா? மூன்று நாளாக அவள் மனசுக்குள் நடந்த வழக்கும் அதுதான். முதல் கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். இந்த நிறத்தை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. இனி பார்க்கப் போவதும் இல்லை.

"எட்டு வருசம் அவிய பாதி அங்கன, பாதி இங்கனன்னே இருந்தாவ தம்பி" என்றாள். "ஒரு நாளு முழுசா ஒரு எடத்துல ஒறங்குனதில்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னே போயிட்டாவ. இனியும் ஒங்க பெட்டில கொஞ்சம், என் அலமாரில கொஞ்சம்னு பிச்சு வைக்கணுமா? முழுசாப் போவட்டும்."

குற்றாலீஸ்வரன் தட்டைத் திரும்ப வைத்தான். வைத்த கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முத்துச்செல்வி இரும்பு உரலை நடுவில் இழுத்துப் போட்டாள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டாள். முதல் தட்டைச் சாக்குத் துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு அடி அடித்தாள். அந்தச் சத்தத்துக்கு மாமனார் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். உடைந்த துண்டுகளை உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினாள். "குடுங்க மைனி" என்று குற்றாலீஸ்வரன் உலக்கைக்குக் கை நீட்டினான். சாம்பலை இடித்தவள் தான்தான். இதையும் தானே இடிக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் நாலாவது தட்டுக்குமேல் தோள் தாங்கவில்லை. கொடுத்தாள். பிறகு மாற்றி மாற்றி இடித்தார்கள். அவள் சலித்தாள். சல்லடையில் தங்கியதை மறுபடி போட்டு இடித்தார்கள். கண்ணாடிச் சில் பட்டு இருவர் கையிலும் ரத்தம் வந்தது. இந்தத் தடவை அவள் வாயில் பாட்டு இல்லை.

கண்ணாடியைப் பொடித்தால் நிறம் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தட்டுக்கும் உரலுக்குள் குனிந்து பார்த்தாள். நீலம் துண்டுகளில் இருந்தது, சின்னத் துண்டுகளில் கொஞ்சம் இருந்தது, பொடியில் இல்லை. ஒன்றரை வருடமாகத் தேடியது கோலமாவுபோல வெள்ளையாகக் குவிந்தது. கடைசியாகக் கிண்ணத்தை அவளே உடைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. ஒரு கலயம் போதவில்லை, இரண்டாகக் கட்டினார்கள்.

சஹானா கூப்பிட்டபோது, "எல்லாம் ஒடஞ்சிட்டும்மா" என்றாள்.

"ஐயோ, எப்படிக்கா? ஒண்ணுகூட இல்லையா? சரி, மறுபடியும் பண்ணிடலாம்ல? அதே கிளேஸ்தானே?"

"இல்ல. அது தீந்துபோச்சு."

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

திருச்செந்தூருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மூன்று பேரும் போனார்கள். இந்தக் காரியத்துக்குப் பொம்பளை வரலாமா என்று ஊரில் கேட்டதற்கு மாமனார், "அவ வராம யாரு வர?" என்று மட்டும் சொன்னார். ஆடிக் காற்று முன்கூட்டியே பிடித்துவிட்டிருந்தது. கடல் கலங்கி, டீ நிறத்தில், கரையோரமெல்லாம் அழுக்கு நுரை தள்ளிக்கொண்டு கிடந்தது. அவள் தேடிய நிறம் அன்றைக்கு எந்த அலையிலும் இல்லை.

கரையில் மந்திரம் சொல்ல வந்தவர் துணியை அவிழ்த்துப் பார்த்து, "என்ன, இவ்வளவு வெள்ளையா இருக்கு?" என்றார்.

"ரெண்டு தரம் எரிஞ்சது சாமி" என்றார் மாமனார்.

அவர் துணியைத் திரும்ப மூடிவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார்.

இடுப்பளவுத் தண்ணீரில் குற்றாலீஸ்வரன் ஒரு கலயத்தோடு நின்றான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மாமனார் நின்றார். முழங்கால் தண்ணீரில் இன்னொரு கலயத்தோடு அவள். சாம்பல் என்றால் தண்ணீர்மேல் கொஞ்ச நேரம் மிதக்கும். பரவிப் பரவி, அலையோடு ஆடி, பிறகுதான் கண்ணிலிருந்து மறையும். இது மிதக்கவில்லை. கொட்டியதும் கல்போல நேரே கீழே போயிற்று. ஏதாவது மேலே வருமா என்று மூன்று பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த அலை வந்து அந்த இடம் எது என்றே தெரியாமல் செய்துவிட்டது.

"திரும்பிப் பாக்காம வாங்க" என்று கரையிலிருந்து மந்திரம் சொன்னவர் குரல் கொடுத்தார்.

மற்ற இருவரும் ஏறினார்கள். அவள் அடியில் ஒட்டியிருந்ததைக் கையால் வழித்துப் போட்டுவிட்டுக் கலயத்தைத் தண்ணீரில் விட்டாள். அவளுடைய வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாக இருந்தது. விரல் இடுக்குகளில், நகக்கண்களில், வெட்டுக்காயத்தின் ஓரத்தில், எல்லா இடத்திலும் பொடி ஒட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் கூப்பிட்டார். அவள் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டாள். உப்பு காயத்தில் எரிந்தது. வெளியே எடுத்தபோது கை சுத்தமாக இருந்தது.